மின்சாரம் போனாலும் பாடம் நடக்கும்: திருகோணமலையில் காலநிலையும் புவியும் கற்பிக்க வரும் புதிய ஆசிரியருக்கு

நியமனக் கடிதத்தோடு வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு வந்த இரண்டாம் மாதம், ஜூன் கடைசியில், தரம் 10 பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னால் நான் அவமானப்பட்டேன். பருவப்பெயர்ச்சிக் காற்றுகள் பற்றிய பாடம். கரும்பலகையில் அம்புக்குறி போடாமல், உலகத்துக் காற்றை அசையும் படமாகவே காட்டுகிறேன் என்று முதல் நாளே பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். மல்டிமீடியாவை, அதாவது திரையில் படம் விழுத்தும் கருவியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தால் அதன் வயர் செருகும் வாய் ஒரு மாதிரி, என் மடிக்கணினியின் வாய் வேறு மாதிரி. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எங்கிருந்தோ ஓர் இணைப்பானைக் கொண்டுவந்து தந்தபோது இருபது நிமிடம் போய்விட்டது. கைபேசியிலிருந்து இணையம் எடுத்தேன். உலக உருண்டை பாதி வரைந்து நின்றது. அதற்குப் பிறகு மின்சாரமும் போனது. கடைசி மேசையிலிருந்து ஒரு பையன், "காற்றுத்தானே டீச்சர், யன்னலைத் திறந்தால் வரும்" என்றான். வகுப்பே சிரித்தது. யன்னலைத் திறந்தோம். சூடான காற்று வந்து அப்பியது.

அந்த நாற்பது நிமிடத்தில் நான் செய்த பிழைகளை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. கீழே இருப்பவை தமிழ் மொழிமூலப் பாடசாலைக்குப் புதிதாக வரும் புவியியல், விஞ்ஞான ஆசிரியர்களுக்கானவை. வரிசையை மாற்றாமல் செய்தால் ஒரு மாதத்துக்குள் வகுப்புக்குத் தயாராகிவிடலாம்.

1. இணையத்தளத்தைத் தேடுமுன் சுவரைப் பாருங்கள்

பாடசாலை முடிந்த ஒரு பின்னேரம் வகுப்பறைக்குத் தனியே போங்கள். மின்செருகி எந்த வகை என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் வட்டத் துளைச் செருகிகளே இருக்கின்றன. புதிய மடிக்கணினி வயர்கள் பெரும்பாலும் சதுர முனையோடு வருகின்றன. இரண்டுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்று உங்கள் பையிலேயே இருக்கட்டும். நீட்டிப்பு வயர் ஐந்து மீற்றராவது வேண்டும், ஏனென்றால் செருகி எப்போதும் திரைக்கு எதிர் மூலையில்தான் இருக்கும்.

அடுத்தது மல்டிமீடியாவின் வாய். பழையது என்றால் பதினைந்து துளையுள்ள வீஜீஏ, புதியது என்றால் எச்டிஎம்ஐ. ஒன்றை மற்றதாக்கும் சிறிய இணைப்பானை நான் 1,200 ரூபாவுக்கு வாங்கினேன். இதுவரை செய்த செலவுகளில் அதிகம் உழைத்தது அதுதான். பாடசாலைக்கு வாங்கித் தரும்படி கேட்டு மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். சொந்தமாக வாங்கி, உங்கள் பெயரை ஒட்டி, பாடம் முடிந்ததும் கையோடு கொண்டுபோங்கள். இரவல் கொடுத்தால் திரும்பி வராது.

பிறகு வெளிச்சம். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பதரைக்கு மேல் திரைச்சீலை இல்லாத அறையில் படம் பேய்போலத்தான் தெரியும். முதல் இரண்டு பாடவேளைகளில் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிட்டால் பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து யன்னலுக்குச் சாத்தலாம். பிள்ளைகள் அதை இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

2. கடிதங்கள்

நான் தவறவிட்ட படி இது. மூன்று கடிதங்கள் போதும். மூன்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

முதலாவது, அதிபருக்கு: எந்தத் தரம், எந்தப் பாட அலகு, வாரத்தில் எத்தனை பாடவேளை, கணினி அறையா வகுப்பறையா என்று ஒரு பக்கத்தில். அதிபர் கையெழுத்திட்ட பிரதியைக் கணினி அறைக்குப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். வாய்மொழி அனுமதி அந்த அறைச் சாவியின் முன்னால் செல்லாது.

இரண்டாவது, உங்கள் சொந்த மடிக்கணினியைப் பாடசாலைக்குள் கொண்டுவருவது பற்றி. வகை, தொடர் இலக்கம், "இது எனது தனிப்பட்ட உடைமை" என்ற ஒரு வரி. கணக்காய்வு வந்த நாளில் என் கணினியும் பொருட்பதிவேட்டுக் கணக்கில் சேரப் பார்த்தது. அதை மீட்க ஒரு நாள் முழுக்க விளக்கம் சொன்னேன். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. பழைய மாணவர் ஒருவர் கணினி அன்பளிப்புச் செய்தால், அன்பளிப்புக் கடிதத்தோடு பொருட்பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். பதியாத பொருள் பழுதானால் திருத்துவதற்குப் பாடசாலைப் பணம் கேட்க முடியாது.

மூன்றாவது, பெற்றோருக்கு. பிள்ளைகளின் படத்தையோ குரலையோ எந்த வட்ஸ்அப் குழுவிலும் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகளைக் கொண்டு எந்தத் தளத்திலும் கணக்குத் திறக்க வைக்காதீர்கள். கீழே சொல்பவற்றில் அநேகமானவற்றுக்குக் கணக்கே தேவையில்லை. தேவையான ஒன்றிரண்டுக்கு உங்கள் கணக்கு ஒன்றே போதும்.

வெளிக்களப் பயணம் வேண்டுமென்றால் அது தனி வேலை. அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் விண்ணப்பியுங்கள். இந்த முதல் தவணையில் அதை நினைக்கவே வேண்டாம்.

3. டேட்டாவும் பென் ட்ரைவும்

வகுப்பறையில் இணையத்தை நம்பாதீர்கள். இந்த ஒரு விதியை மட்டும் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். காட்ட வேண்டிய எதுவானாலும் முதல் நாள் இரவே கோப்பாகக் கையில் இருக்க வேண்டும்.

செய்மதிப் படம் ஒன்று ஒன்றிரண்டு எம்பி. அரை நிமிடத் திரைப்பதிவு இருபது முப்பது எம்பி. கூகுள் ஏர்த்தில் அரை மணி நேரம் சுற்றினால் என் கைபேசியில் 300 எம்பி கரைந்திருந்தது. ஆகவே பாரமான வேலைகளை நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் செய்யுங்கள். 32 ஜிபி பென் ட்ரைவ் இரண்டு வாங்குங்கள். ஒன்று பாடசாலைக் கணினிகளுக்கு. அதில் எப்படியும் வைரஸ் ஏறும். மற்றது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

என் மொத்தச் செலவு: இணைப்பான், செருகி மாற்றி, நீட்டிப்பு வயர், இரண்டு பென் ட்ரைவ், ஏ3 வண்ணப் பிரதிகள் பத்து, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. மென்பொருளுக்கு ஒரு சதமும் இல்லை. காலநிலைப் பாடத்துக்கென்று பணம் கட்டிச் செயலி வாங்கச் சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள்.

4. பாடநூல், ஆசிரியர் வழிகாட்டி, சொற்கள்

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. முதலில் இவற்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. ஒரு பந்தியைப் பிரதியெடுத்து உங்கள் வினாத்தாளில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல் வரும். கோப்புப் பழுதென்று நினைத்து நான் நான்கு முறை மீண்டும் இறக்கினேன். ஒருங்குறி மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அதில் போட்டு எடுத்தால் நேராகிவிடும்.

மற்றது சொல். தமிழ்நாட்டுக் காணொளிகள் நிறைய இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அங்கே பசுமை இல்ல விளைவு, இங்கே பச்சைவீட்டு விளைவு. அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். இரண்டும் வெவ்வேறு வாயுக்கள் என்று நினைத்து என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விடைத்தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்தாள். காணொளியைப் போடுமுன் கரும்பலகையில் சொற்சோடிகளை எழுதிவிடுங்கள். பரீட்சைக்கு நம் பாடநூற் சொல்தான்.

5. காற்று: கச்சானைத் திரையில் பிடிப்பது

எர்த் நல்ஸ்கூல் என்று தேடினால் கறுப்பு உருண்டையில் பச்சைக் கோடுகளாகக் காற்று ஓடும் பக்கம் வரும். கணக்கு வேண்டாம், பணமும் வேண்டாம். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றின் கணிப்பைக் கொண்டு வரையப்படுவது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். பழைய திகதிகளுக்கும் பின்னோக்கிப் போகலாம். இலங்கையைத் திரையின் நடுவே கொண்டுவந்து, ஜூலையில் ஒரு நாளையும் டிசம்பரில் ஒரு நாளையும் தெரிவுசெய்து, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் திரைப்பதிவு செய்துகொள்ளுங்கள். நேரம் உள்ளூர் நேரமா சர்வதேச நேரமா (யூடிசி) என்பதை மாற்றும் இடம் பட்டியலிலேயே இருக்கிறது. பதியுமுன் அதைப் பாருங்கள்.

அவமானப்பட்ட வகுப்புக்கே இரண்டு வாரம் கழித்து இந்தப் பதிவைக் கொண்டுபோனேன். கோடுகள் தென்மேற்கிலிருந்து வந்து, தீவைக் கடந்து, திருகோணமலைக் கரையால் வங்காள விரிகுடாவுக்குள் இறங்கின. "நம் ஊருக்கு இந்தக் காற்று கடலிலிருந்து வருகிறதா, தரையிலிருந்தா?" என்று கேட்டேன். யன்னலைத் திறக்கச் சொன்ன அதே பையன்தான் பதில் சொன்னான்: "தரையிலிருந்து டீச்சர். கச்சான்." எனக்குக் கச்சான் என்றால் கடலைதான் நினைவுக்கு வந்தது. அவன் தகப்பன் கடற்றொழிலாளி. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கையும் திசையோடு சொன்னான். தென்மேல் பருவப்பெயர்ச்சி மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மத்திய மலைகளைக் கடந்து இறங்கும்போது காய்ந்து சூடேறி நம்மிடம் வந்து சேர்கிறது என்பதைப் பிறகு நான் விளக்க வேண்டியது ஐந்து நிமிடத்துக்குத்தான் இருந்தது.

ஆகவே பதிவைப் போடுமுன் பிள்ளைகளிடம் காற்றின் ஊர்ப்பெயரைக் கேளுங்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பிள்ளைகள் இருந்தால் நீங்கள் நினைத்திராத பெயர்களும் வரும்.

6. செய்மதிப் படம்

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் 2000ஆம் ஆண்டு முதல் அநேகமாக ஒவ்வொரு நாளுக்கும் படம் இருக்கிறது. இதற்கும் கணக்கு வேண்டாம். 2020 டிசம்பர் 2 என்று திகதியைப் போடுங்கள். அன்று இரவுதான் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்தது. பகற்படத்தில் முகில் சுருள் நம் கரைக்கு வெளியே நிற்பது தெரியும். நவம்பர் 29 முதல் டிசம்பர் 4 வரை ஒவ்வொன்றாகச் சேமித்து வரிசையாகக் காட்டினால் தரம் 8 பிள்ளையும் பாதையை வரைந்துவிடும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். இது நேரலை அல்ல. 2020இல் டெரா செய்மதி முற்பகல் பத்தரையை ஒட்டியும், அக்குவா பிற்பகல் ஒன்றரையை ஒட்டியும் நம் தலைக்கு மேலே போகும்போது எடுத்தவை. "சூறாவளி இப்போது எங்கே நிற்கிறது?" என்பதற்கு இதில் விடை இல்லை. அதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைத்தான் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. மழைக்காலத்தில் வட்ஸ்அப்பில் வேறு நாட்டுச் சூறாவளிப் படம் நம் ஊர்ப்படமாகச் சுற்றும். அதே திகதியை வேர்ல்ட்வியூவில் போட்டுப் பார்த்துப் பொய்யைப் பிடிக்கும் பயிற்சி, நான் கொடுத்த வீட்டுவேலைகளில் பிள்ளைகள் கேட்காமலே செய்துவந்த ஒன்று.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஆசைப்பட்டால் ஐரோப்பியச் செய்மதிப் படங்களைக் காட்டும் கோப்பர்னிக்கஸ் உலாவித் தளம். 10 மீற்றர் நுணுக்கம், சில வசதிகளுக்கு இலவசக் கணக்கு வேண்டும். மழை விட்டு வானம் வெளுத்த முதல் நாட்களில் கொட்டியாரக் குடாவைப் பாருங்கள். மகாவலி கொண்டுவந்த மண்ணிறத்தைத் தேடச் சொல்லலாம். மார்கழி முழுக்க முகில்தான் தெரியும், அப்போது இதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

7. மழை: போத்தலும் நாசாவும்

இந்தப் படிக்கு ஒரு தவணை முழுவதும் தேவை. ஒக்டோபருக்கு முன்னால் தொடங்குங்கள்.

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக அதன் வாயிலேயே பொருத்தினால் மழைமானி. அடி மேடு பள்ளமாக இருக்குமாதலால் கூழாங்கல் போட்டு, நேரான சுவர் தொடங்கும் மட்டம்வரை நீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு கீறுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு வாசிக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழைக்கணக்கும் 8.30 முதல் 8.30 வரைதான். பாடசாலை 7.30க்கே தொடங்கிவிடுகிறது என்பதால் இரண்டாம் பாடவேளை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து நிமிட அனுமதி வாங்குங்கள். சனி ஞாயிறுக்குப் பாடசாலை அருகில் குடியிருக்கும் பிள்ளை ஒன்று வேண்டும்.

பிறகு காலநிலைத் தரவு தரும் நாசா பவர் தளம். தனிப் புள்ளி, நாளாந்தத் தரவு, அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23, மழைவீழ்ச்சி, சிஎஸ்வி எனும் அட்டவணைக் கோப்பு. 1981 முதல் இருக்கிறது, கணக்குத் தேவையில்லை. இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறந்து மாதவாரியாகக் கூட்டினால் நம் ஊர் மழையின் முதுகெலும்பு கண்முன்னே நிற்கும்: நவம்பரும் டிசம்பரும் உயர்ந்து, ஜூன் தரையோடு ஒட்டிக் கிடக்கும்.

நான் விழுந்த குழிகள் மூன்று. முதல் மாதம் எங்கள் சராசரி மைனஸில் வந்தது. தரவு இல்லாத நாளுக்கு அந்தத் தளம் -999 என்று போடுகிறது. நான் அதையும் சேர்த்துக் கூட்டியிருந்தேன். கூட்டுமுன் அவற்றை நீக்குங்கள். இரண்டாவது, திகதி இடறல். நமது போத்தல் செவ்வாய் காலை காட்டும் மழையில் பெரும்பகுதி திங்கட்கிழமை பெய்தது. செவ்வாய் என்று எழுதினால் இரண்டு நிரல்களும் ஒரு நாள் தள்ளி நிற்கும். மூன்றாவதுதான் உண்மையான பாடம். திகதியைச் சரிசெய்த பிறகும் எண்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் போத்தல் நிரம்பி வழிந்திருந்தது. நாசா கணக்கில் அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் போத்தலைத்தான் சந்தேகித்தார்கள். அந்தத் தரவு மழைமானியில் அளந்தது அல்ல, ஐம்பது அறுபது கிலோமீற்றர் அகலக் கட்டம் ஒன்றுக்குக் கணினி மாதிரி ஒன்று கணித்த சராசரி. நம் கட்டத்தில் கடலும் சேர்ந்திருக்கிறது. பாடசாலை முற்றத்தில் மட்டும் கொட்டிய மழை அதற்குத் தெரியாது. எது சரி என்று கேட்டார்கள். முற்றத்துக்குப் போத்தல் சரி, நாற்பது வருடத்துக்கு நாசா தரவு சரி என்றேன். முழுப் பாடவேளையும் அந்த வாதத்திலேயே போனது. பாடக்குறிப்பில் எழுதியிருந்ததைத் தொடவே இல்லை.

திருகோணமலை நிலையத்தில் நேரடியாக அளந்த நீண்டகாலத் தரவு வேண்டுமென்றால் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு அதிபரின் முத்திரையோடு கடிதம் எழுத வேண்டும். எந்த நிலையம், எந்த ஆண்டுகள், மாதாந்தமா நாளாந்தமா, என்ன நோக்கம் என்று நான்கையும் குறிப்பிடுங்கள். கட்டணம் உண்டு, எவ்வளவு என்று முதற்கடிதத்திலேயே கேளுங்கள். அன்றன்றைய மழையளவும் முன்னறிவிப்பும் அவர்கள் தளத்தில் தமிழிலேயே இலவசம்.

8. பூமியதிர்ச்சியும் சுனாமியும்

முதலில் ஓர் எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் இந்தப் பாடம் ஏதோ தூரத்து ஊர்க்கதை அல்ல. பெரியம்மாவையோ மூத்த சகோதரத்தையோ இழந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் முதலே கேட்டறியுங்கள். அலை வரும் காணொளிகளைப் போடாதீர்கள். எண்களும் வரைபடமும் போதும்.

அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவையகத்தின் தளத்தில், பூமியதிர்ச்சிப் பட்டியலில் தேடுங்கள். 2004 டிசம்பர் 26 முதல் 31 வரை, அளவு 4.5க்கு மேல், சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை ஒரு பெட்டி. வரைபடத்தில் வரும் புள்ளிகளைச் சேமித்து ஏ3 தாளில் வண்ணப் பிரதி எடுங்கள்.

பிரதான அதிர்ச்சி 9.1, நேரம் 00:58 என்று இருக்கும். அது சர்வதேச நேரம். இங்கே நான் நன்றாகவே தடுக்கி விழுந்தேன். ஐந்தரை மணி கூட்டி "காலை 6.28" என்று பலகையில் எழுதினேன். அடுத்த நாள் ஒரு பிள்ளை, தன் அப்பப்பா ஏழு மணி என்று சொல்கிறார் என்றாள். அப்பப்பாதான் சரி. 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் சர்வதேச நேரத்திலிருந்து ஆறு மணி முன்னால் இருந்தது. ஆகவே அன்று நம் கடிகாரத்தில் 6.58. பழைய திகதிகளுக்கு இணைய மாற்றிகளும் சில வேளை இதே பிழையை விடுகின்றன, கவனம்.

அடுத்து கணக்கு. கூகுள் ஏர்த்தின் அளவுகோலால் அதிர்ச்சி மையத்திலிருந்து திருகோணமலைக்கு அளந்தால் 1,700 கிலோமீற்றர் அளவு வரும். ஆழக்கடலில் சுனாமியின் வேகம், புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது. 4,000 மீற்றர் ஆழத்துக்கு மணிக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வகுத்தால் ஏறக்குறைய இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். ஆனால் கிழக்குக் கரைக்கு அலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. ஏன் முந்தியது? விடையை நீங்கள் சொல்லாதீர்கள். ஏ3 தாளைக் கொடுங்கள். பின்னதிர்வுப் புள்ளிகள் சுமாத்திராவோடு நிற்காமல் வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை நூல் பிடித்ததுபோலப் போவதை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். பாறை பிளந்தது ஒரு புள்ளியில் அல்ல, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். நிக்கோபாரிலிருந்து நமக்கு 1,300 கிலோமீற்றர் அளவுதான். மீண்டும் வகுக்கச் சொல்லுங்கள்.

9. சில்லறை வேலைகள்

பெட் (PhET) என்ற தளத்தில் கணினியில் ஓட்டிப் பார்க்கும் இலவசப் பாவனையாக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பச்சைவீட்டு விளைவு பற்றியது நன்று. தனிக் கோப்பாக இறக்கி இணையமின்றியே ஓட்டலாம். ஓசோன் துவாரத்தால்தான் பூமி சூடாகிறது என்று பாதி வகுப்பு பிழையாக நம்பிக்கொண்டிருக்கும். இதைப் போடுமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹவாயின் மௌனா லோவா அவதான நிலையத்தில் அளந்த காபனீரொட்சைட்டு அட்டவணை சிறிய கோப்பு. 1958இல் பத்து இலட்சத்தில் 315 பங்கு அளவு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வரைபுத்தாளில் கையால் வரையச் சொல்லுங்கள். கணினி வரைந்து தந்தால் ஒருவரும் பார்ப்பதில்லை.

கூகுள் ஏர்த் ப்ரோ இலவசம். முதல் நாள் இரவு பார்த்த இடங்களை அடுத்த நாள் இணையமின்றியும் ஓரளவு காட்டும், நம்பிவிடாதீர்கள். சுட்டியைக் கோணேசர் கோயில் மலைக்கு வெளியே கடலில் நகர்த்தினால் கீழ் ஓரத்தில் ஆழம் மைனஸ் குறியோடு ஓடும். துறைமுக வாசலிலிருந்து வெளியே போகும் கடலடிப் பள்ளத்தாக்கைப் பிள்ளைகள் அந்த எண்ணைக் கொண்டே தேடிப் பிடிப்பார்கள். இணையத்தில் ஓடும் கூகுள் ஏர்த் டைம்லாப்ஸில் கொழும்புத் துறைமுக நகரைப் போட்டுத் திரைப்பதிவு செய்யுங்கள், கடல் தரையாவது தெரியும்.

10. முதல் நாள் இரவு

கோப்புகளுக்கு 01, 02, 03 என்று காட்டும் வரிசையில் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் பாடசாலையின் பழைய கணினி சிலவேளை கட்டம் கட்டமாகக் காட்டும். ஒவ்வொன்றையும் இணையத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஒரு பாடவேளைக்கு மூன்று கோப்புக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். ஏழு கொண்டுபோய் இரண்டைத்தான் காட்டியிருக்கிறேன்.

கடைசியாக, ஒரு பெரிய காகித உறையில் அன்றைய பாடத்தின் ஏ3 பிரதிகள் ஆறு, குழுவுக்கு ஒன்று. ஏ3 வண்ணப் பிரதி கடைக்குக் கடை விலை மாறும், இரண்டு இடத்தில் கேளுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு போனால் பரீட்சைத்தாள் கூட்டத்துக்குள் அகப்படுவீர்கள். மின்சாரம் போனதும் உறையைப் பிரியுங்கள், யன்னல் அட்டைகளைக் கழற்றச் சொல்லுங்கள்.